நயினார் வீட்டுப் பைத்தியம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, கூரம் ஜீவதயை சங்கத்தின் செயலாளர் ஜீவந்தரன், தன் வீட்டுப் பின்புறத் தோட்டத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, மயிலிறகு விசிறியால் எறும்புகளை விசிறிக்கொண்டிருந்தார்.

"தயவு செஞ்சு கிளம்புங்கப்பா. இன்னிக்கு ஒரு நாள் மட்டும். வீட்டுக்கு ஆளுங்க வர்றாங்க."

எறும்புகள் கிளம்பின. அவர் முழங்கை வரைக்கும் வந்தன.

போன வாரம் கல்யாணம், காதுகுத்து என்று வெளியூர் போய்விட்டவர்களுக்காகச் சுருக்கமாக: மூன்று மாதத்துக்கு முன்பு ஜீவந்தரனின் மனைவி மதனவதி, ஒரு நர்சரியிலிருந்து இரண்டு குரோட்டன்ஸ் தொட்டிகள் வாங்கி வந்தார். செடிக்குக் காசு கொடுத்தார். எறும்பு இலவசமாக வந்தது.

ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் படிக்கிற மகள் ஸ்ருதி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு அறிவித்தாள். "இது நம்ம ஊர் எறும்பு இல்லப்பா. மஞ்சள் பைத்திய எறும்பு. வரிசையா போகாது, தாறுமாறா ஓடும். கடிக்காது, ஆசிட் பீச்சும். மத்த எறும்புக்கெல்லாம் கூட்டுக்கு ஒரு ராணி. இதுக்கு ஒரே கூட்டுல நூறு ராணி இருக்கும்."

"நூறா? சண்டை வராதா?" என்று கேட்டார் மதனவதி. ஒரு நாத்தனாரோடு ஒன்பது வருடம் சமையலறையைப் பகிர்ந்துகொண்டவர் அவர்.

நயினார் என்று ஊர் அழைக்கிற சமணக் குடும்பத்தில் எறும்பைக் கொல்வது என்ற பேச்சே கிடையாது. எனவே மதனவதி விருந்து வைத்தார். சமையலறை வாசலில் தொடங்கிப் பின்வேலி வரைக்கும், அரிசி மாவில் வெல்லத்தூள் கலந்து ஒரு கோடு போட்டார். சாப்பிட்டுக்கொண்டே போய், வேலிக்கு அந்தப் பக்கம் இறங்கிவிடும் என்பது திட்டம்.

பாதி எறும்பு இறங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பது முனிசாமி வீடு. மீதிப் பாதி, இப்படிச் சாப்பாடு போடுகிற வீட்டை விட்டு எதற்குப் போக வேண்டும் என்று இங்கேயே தங்கிவிட்டது.

முனிசாமியின் கோழி, அடைகாத்துக்கொண்டிருந்த பதினோரு முட்டைகளை அப்படியே விட்டு எழுந்து ஓடியது. அன்றைக்கே முனிசாமி, மருந்து வாங்காமல் விடுவதில்லை என்று சபதம் போட்டார். போன வாரம் அங்கே நிறுத்தியிருந்தோம்.

இந்த வாரம், பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள்.

*

மாப்பிள்ளை, அதாவது ஜீவந்தரனின் மகன் அபினவ், பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடைக்குக் கம்ப்யூட்டரில் புடவை பார்டர் வரைகிறான். பெண் கௌசல்யா, ஏனாத்தூரில் இவனோடு படித்தவள். நான்கு வருடம் ஒரே பஸ்ஸில் போனார்கள். முதல் இரண்டு வருடம் தற்செயலாக.

கௌசல்யாவின் அப்பா தரணேந்திரன் சம்மதிக்க எட்டு மாதம் ஆனது. இன்னும் சம்மதித்துவிடவில்லை, பார்க்கச் சம்மதித்திருக்கிறார். வந்தவாசிப் பக்கத்துக்காரர். வழியில் ஒரு மரவட்டை குறுக்கே போனதற்காக, ஒரு பஸ் நிறைய ஜனத்தைக் காக்க வைத்த மனிதர். வண்டிச் சக்கரத்தில் ஏதாவது மாட்டிக்கொள்ளும் என்று கார் ஓட்டமாட்டார். அந்தக் காரை மகள் ஓட்டுவாள், இவர் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பார்.

"இன்னிக்கு அவர் நம்ம வீட்ல கை நனைச்சாதான் கல்யாணம்," என்றான் அபினவ். காலையிலிருந்து ஏழாவது முறை.

பெண் வீட்டார் சம்மதம் இல்லாமல் மாப்பிள்ளை வீட்டில் இலை போட்டுச் சாப்பிடமாட்டார்கள். காபி, காராபூந்தி செல்லும். சாப்பாடு என்றால் முடிவு. அதுவும் பொழுது சாய்ந்தபின் தரணேந்திரன் வாயில் எதுவும் வைக்கமாட்டார். இன்றைக்குச் சூரியன் மறைவது ஆறு ஐந்துக்கு. அதற்குள் அவர் இலை முன் உட்கார வேண்டும். இல்லையென்றால், இனிமேல் உட்காரமாட்டார் என்று அர்த்தம்.

வேலிக்கு மேல் முனிசாமியின் தலை தெரிந்தது.

"இன்னா நயினாரே. மருந்து வாங்க ஆள் அனுப்பிருக்கேன். ரெண்டு பக்கமும் சேர்த்து அடிச்சாதான் ஒழியும். உங்க பக்கமும் அடிச்சுடட்டுமா?"

ஜீவந்தரன் பதில் சொல்லவில்லை. கழுத்தையும் அசைக்கவில்லை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கொல்லக்கூடாது. கொல்லச் சொல்லவும் கூடாது. கொல்கிறவனைப் பார்த்து "சரி" என்று தலையாட்டவும் கூடாது. மூன்றும் ஒரே பாவம். சங்கத்துக் கூட்டங்களில் பன்னிரண்டு வருடமாக இந்த மூன்றையும் விரல்விட்டு விளக்கிவருகிறவர் ஜீவந்தரன்.

"ஆமான்னா ஆமான்னு சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லு. செலை மாதிரி நின்னுக்கினு இருந்தா இன்னா அர்த்தம்?"

"நான் ஒன்னும் சொல்லலை முனிசாமி."

"அதான் கேக்கறேன், ஏன் ஒன்னும் சொல்லலை?"

மதனவதி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். "என்னங்க, இன்னிக்கு மட்டும் வேணாம்னு சொல்லிடுங்க."

"'இன்னிக்கு வேணாம்'னா 'நாளைக்கு அடி'ன்னு அர்த்தம் ஆகிடும் மதனா."

"அப்ப வேணவே வேணாம்னு சொல்லுங்க."

ஜீவந்தரன் கோழிக்கூட்டைப் பார்த்தார். காலியாக இருந்தது. அதையும் அவரால் சொல்ல முடியவில்லை.

"சரி, நான் சாயந்தரம் காத்து எறங்கினதும் வர்றேன். நீ அதுக்குள்ள யோசி," என்று முனிசாமி இறங்கிப் போனார்.

ஸ்ருதி படியில் உட்கார்ந்து கேட்டாள். "அப்பா, இங்க ஓணான் ஒன்னு இருந்துதே, எங்க?"

"போயிருக்கும்."

"நத்தை? கட்டெறும்பு? சுவத்துல அந்த வால் இல்லாத பல்லி? எல்லாத்தையும் இதுங்கதான் தீர்த்துடுச்சு. நீ இதுங்களைக் காப்பாத்தறதும் ஒரு கொலைதான்ப்பா."

ஜீவந்தரன் விசிறிக்கொண்டே இருந்தார். விசிறி மட்டும் கொஞ்சம் மெதுவானது.

*

மணி நான்கு பத்துக்குக் கார் வந்தது. கௌசல்யா இறங்கினாள். தரணேந்திரன் இறங்குவதற்கு முன் கதவைத் திறந்து தரையைப் பார்த்தார், பிறகு ஒரு கால் வைத்தார், மறுபடி பார்த்தார், அடுத்த கால் வைத்தார். கௌசல்யாவின் அம்மா மூட்டு வலியால் வரவில்லை.

"வாங்க சம்பந்தி," என்றார் மதனவதி. அபினவ் அம்மாவை முறைத்தான். "வாங்க சார்," என்று திருத்திக்கொண்டார்.

வரவேற்பறை சுத்தமாக இருந்தது. மூன்று மணி நேரமாக ஸ்ருதியும் அபினவும் மென்மையான துடைப்பத்தால் ஒவ்வொரு எறும்பாக வழியனுப்பியிருந்தார்கள். நாற்காலிக் கால்களைச் சுற்றி மஞ்சள்தூளில் வட்டம் போட்டிருந்தது. வீட்டில் இனிப்பு வாசனையே இருக்கக்கூடாது என்று உத்தரவு. தட்டில் காராபூந்தியும் வாழைக்காய் பஜ்ஜியும் வந்தன.

தரணேந்திரன் தட்டைப் பார்த்தார். "நல்ல காரியத்துக்கு வந்திருக்கோம். இனிப்பு ஒன்னும் காணோமே?"

"சக்கரை வெச்சா இந்த வீட்டுக்கு ஆகறதில்ல," என்றார் மதனவதி. உண்மையைத்தான் சொன்னார்.

"ஓ. சக்கரையா." தரணேந்திரன் ஜீவந்தரனை அனுதாபமாகப் பார்த்தார். "இந்த வயசுல வர்றதுதான்."

அதோடு போயிருக்கும். அப்போதுதான் பின்பக்கத்திலிருந்து முனிசாமியின் மனைவி பூவம்மாளின் குரல் வந்தது. பூவம்மாளுக்கு மைக் தேவைப்பட்டதில்லை.

"மதனம்மா! மருந்து வந்துடுச்சு! எப்ப போடறதுன்னு எங்க வூட்டுக்காரரு கேக்குறாரு!"

தமிழில் இது ஒரு சங்கடம். உயிரைப் பிடித்து வைப்பதற்கும் மருந்து, உயிரை எடுப்பதற்கும் மருந்து. கேட்கிறவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தரணேந்திரன் எடுத்துக்கொண்டார். "யாருக்கு மருந்து?"

மதனவதி மகனைப் பார்த்தார். மாப்பிள்ளை, வேண்டாம். மகளைப் பார்த்தார். நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டியவள். மீதி இருந்தது ஒருவர்.

"இவருக்குத்தான்."

ஜீவந்தரன் நிமிர்ந்தார்.

"சக்கரைக்கு மருந்து பக்கத்து வீட்லயா வரும்?"

"நாட்டு மருந்து," என்றாள் ஸ்ருதி, பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டே.

"லேட் பண்ணாதீங்கம்மா!" பூவம்மாள் விடவில்லை. "அந்த மஞ்சப் பைத்தியம் முத்திப்போச்சு! ராப்பகலா ஓடிக்கினே இருக்குது! நேத்து கூட வேலி தாண்டி வந்து எங்க கோழி மேல ஏறிடுச்சு!"

தரணேந்திரன் எடுத்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்தார்.

ஜீவந்தரன் அன்றைக்கு மங்களகரமாக இருக்கட்டும் என்று மஞ்சள் பட்டில் மேல்துண்டு போட்டிருந்தார். தரணேந்திரன் அந்தத் துண்டைப் பார்த்தார். பிறகு நாற்காலியை, மஞ்சள்தூள் வட்டத்துக்குள்ளேயே, ஒரு விரற்கடை பின்னால் தள்ளிக்கொண்டார்.

"கோழி மேலயா?"

"முட்டையெல்லாம் போச்சும்மா! பதினோரு முட்டை!"

அபினவ் கண்ணை மூடிக்கொண்டான். தரணேந்திரன் தொண்டையைச் செருமினார்.

"தப்பா நினைக்காதீங்க. பொண்ணு குடுக்கற எடம், கேக்காம இருக்க முடியாது. இந்த வீட்ல... அந்த மாதிரி... இருக்குதா?"

ஜீவந்தரன் மாட்டிக்கொண்டார். எறும்பு என்று சொன்னால், மருந்து எதற்கு என்ற கேள்வி வரும். ஜீவதயை சங்கத்தின் செயலாளர் வீட்டு வேலியில் விஷம் நிற்கிறது என்றால், மரவட்டைக்காக பஸ்ஸை நிறுத்தியவர் எழுந்து போய்விடுவார். எறும்பு இல்லை என்று சொன்னால் பொய். பொய்யும் சமணத்தில் விலக்கப்பட்ட ஐந்தில் ஒன்று.

பொய்யாகவும் இல்லாத, மெய்யாகவும் உதவாத ஒரு வாக்கியத்தை அவர் தேடி எடுத்தார்.

"இந்த வீட்ல பைத்தியம் இருக்குதுன்றது உண்மைதாங்க."

"எப்பலயிருந்து?"

"நர்சரியிலயிருந்து."

"அவ்ளோ சின்ன வயசுலயிருந்தேவா!"

"அப்பா!" என்றான் அபினவ்.

"பையனுக்கு ஏதாவது அறிகுறி...?"

அபினவின் காலரிலிருந்து ஒரு எறும்பு கிளம்பிக் கழுத்தில் ஏறியது. விரலால் தட்டினால் செத்துவிடும். அவன் தட்டவில்லை. தோளைக் குலுக்கினான், கழுத்தைச் சாய்த்தான், ஒரு பக்கமாகத் துள்ளினான். தரணேந்திரன் இதையெல்லாம் கவனமாகப் பார்த்து முடித்தார். பிறகு எழுந்தார்.

"நாங்க கலந்து பேசிட்டுச் சொல்றோம்."

இந்த வாக்கியத்துக்குப் பிறகு இதுவரை யாரும் கலந்து பேசியதில்லை. சொன்னதும் இல்லை.

மணி ஐந்து பத்து. உள்ளே சோறு வடித்திருந்தது. பூசணிக்காய் கூட்டு மூடியிருந்தது. மதனவதியின் கையில் கழுவி வைத்த வாழையிலை இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

கௌசல்யா இவ்வளவு நேரமும் வாயைத் திறக்கவில்லை. மூன்று மாதமாக அபினவ் அவளுக்கு அனுப்பிய எறும்பு வீடியோக்கள் முப்பத்தெட்டு. காதலில் வேறு எதையோ எதிர்பார்த்துத்தான் போனைத் திறந்திருப்பாள். ஆனாலும் எல்லாவற்றையும் முழுசாகப் பார்த்திருந்தாள்.

"அப்பா, பஜ்ஜி எண்ணெய் கையில இருக்குது பாருங்க. கை கழுவிட்டுப் போலாம்."

"வீட்டுக்குப் போய்க் கழுவிக்கறேன்மா."

"சீட்டெல்லாம் எண்ணெய் ஆகிடும்பா. குழாய் பின்பக்கம்."

மதனவதி வழியை மறிக்கப் பார்த்தார். கௌசல்யா மெதுவாக, "விடுங்கத்தை," என்றாள். அந்த "அத்தை"யில் மதனவதி அப்படியே நின்றுவிட்டார்.

*

தரணேந்திரன் குழாயடிக்குப் போனார். தரையைப் பார்த்துத்தான் கால் வைத்தார். ஆனால் பார்த்துக் கால் வைக்கத் தரை என்று ஒன்று தெரிய வேண்டும். அங்கே தரை ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய காலை வைக்க இடமில்லை. வேட்டியை மடித்தார். மடித்த வேட்டிக்குள்ளும் அவை இருந்தன. வாய்க்குள் நமோகார மந்திரம் சொல்லத் தொடங்கி, இரண்டாவது அடியில் "ஐயோ" என்றார். பிறகு அவர் ஆடியதை வரிசைப்படுத்திச் சொல்ல முடியாது. எறும்பும் அதே தாளத்தில்தான் ஓடும்.

அப்புறம் அது நடந்தது.

பட்டென்று ஒரு சத்தம். தரணேந்திரன் தன் கெண்டைக்காலில் தானே அடித்திருந்தார். உள்ளங்கையை எடுத்துப் பார்த்தார்.

எல்லோரும் பார்த்தார்கள். எல்லோரும் உடனே வேறு பக்கம் பார்த்தார்கள். அபினவ் வானத்தை, ஸ்ருதி தொட்டியை, மதனவதி இலையை.

"ஏறிடுச்சா?" வேலிக்கு மேல் பூவம்மாள். "அதாங்க நான் சொன்ன பைத்தியம்! சோப்புத் தண்ணி ஊத்துங்க, எரிச்சல் நிக்கும்!"

ஜீவந்தரன் ஒரு சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்து, அவர் காலடியில் உட்கார்ந்து, மயிலிறகு விசிறியால் மீதியை இறக்கிவிட்டார். தரணேந்திரன் படியில் உட்கார்ந்தார். உள்ளங்கை இன்னும் விரிந்தே இருந்தது.

"இதுக்குப் பேரு என்ன?"

"மஞ்சள் பைத்திய எறும்பு, அங்கிள்," என்றாள் ஸ்ருதி.

"நர்சரி?"

"செடி வாங்கின நர்சரி."

"கோழி மேல ஏறினது?"

"அதுங்கதான். அப்பா இல்ல."

தரணேந்திரன் நீளமாக மூச்சுவிட்டார். அப்போது வேலிக் கதவைத் திறந்துகொண்டு, முதுகில் தெளிப்பு பம்போடு முனிசாமி வந்து நின்றார்.

"நயினாரே, காத்து எறங்கிடுச்சு. அடிக்கட்டுமா வேணாமா?"

ஜீவந்தரன் கழுத்து அசையவில்லை. முனிசாமி தரணேந்திரனைப் பார்த்தார். "பெரியவரே, நீங்களாவது சொல்லுங்க."

தரணேந்திரன் கழுத்தும் அசையவில்லை.

"இது வேற. ஒரு செலை இருந்துது, இப்ப ரெண்டா? பம்பு பதினாறு லிட்டருப்பா, முதுகு போவுது!"

ஜீவந்தரன்தான் கடைசியில் பேசினார். முனிசாமியிடம் இல்லை.

"இந்தத் தோட்டத்துல ஓணான் இருந்துது. நத்தை இருந்துது. வால் இல்லாத பல்லி ஒன்னு, அது தினம் என்னைப் பார்க்கும். நான் ஒன்னையும் கொல்லலைங்க. ஆனா இப்ப ஒன்னும் இல்லை. முனிசாமி கோழி பதினோரு முட்டையை விட்டுட்டு ஓடிடுச்சு. பன்னெண்டு வருஷமா சங்கத்துல எல்லாருக்கும் பதில் சொல்றேன். இதுக்கு எனக்குப் பதில் தெரியலை. உங்ககிட்ட சொல்றதுக்கும் பயம். பையன் மூஞ்சி பாத்தீங்களா? அதான் பைத்தியம்னே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

தரணேந்திரன் உள்ளங்கையை மெல்ல மூடினார்.

"எனக்கும் தெரியலைங்க. அரை மணி முன்னாடி கேட்டிருந்தா தெரியும்னு சொல்லியிருப்பேன்." கொஞ்சம் நிறுத்தினார். "நாளைக்கு நான் உபவாசம்."

"நானும் இருக்கறேன்."

"நீங்க எதுக்கு? நீங்க அடிக்கலையே."

"வெல்லம் வெச்சு பக்கத்து வீட்டுக்கு அனுப்பினது நாங்கதானே."

முனிசாமி பம்பைக் கீழே இறக்கினார். "இதை இப்பயாவது ஒத்துக்கினியே."

தரணேந்திரன் மேற்கே பார்த்தார். "மணி என்ன?"

"அஞ்சு நாப்பது," என்றான் அபினவ்.

"அப்ப என்ன நின்னுக்கினு இருக்கீங்க? இலை போடுங்கம்மா. பொழுது போவுது."

மதனவதி ஓடினார். இலை ஏற்கனவே கையில்தான் இருந்தது. அதை மறந்துவிட்டு வேறு இலை எடுக்க ஓடினார்.

*

தரணேந்திரன் கை நனைத்தார். இரண்டு தடவை கூட்டு கேட்டு வாங்கினார். ஆறு மணிக்கு இலையை மடித்துவிட்டு, நிபந்தனையைச் சொன்னார்.

"தை மாசம் முகூர்த்தம் வெச்சுக்கலாம். ஆனா என் பொண்ணு இந்த வீட்டுக்கு வர்றப்ப, இங்க ஒரு எறும்பு கூட இருக்கக்கூடாது."

"சரிங்க," என்றான் அபினவ்.

"ஒன்னைக் கூடக் கொல்லவும் கூடாது."

அபினவ் "சரிங்க" சொல்ல வாயைத் திறந்து, அப்படியே வைத்துக்கொண்டான்.

"அதெப்படி அங்கிள்?" என்றாள் ஸ்ருதி.

"எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் உபவாசம் இருக்கப் போறேன்?"

கிளம்பும்போது மதனவதி வெற்றிலை பாக்கு, மஞ்சள், பூ எல்லாம் கொடுத்தார். சம்மதம் சொன்ன வீட்டை இதோடு அனுப்புவதா என்று மனசு கேட்கவில்லை. இனிப்பும் இல்லை. உள்ளே போய், வெளியே வந்து, எதையோ கொடுத்தார். இருட்டுகிற நேரம். கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தரணேந்திரன் ஜன்னல் வழியாகக் கையசைத்தார், மடியில் எதையோ பத்திரமாக அணைத்துப் பிடித்தபடி. கௌசல்யா அபினவைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். கார் வளைவு திரும்பியது.

அபினவ் வாசல்படியில் உட்கார்ந்து, காலையிலிருந்து முதல் தடவையாக முழுசாக மூச்சுவிட்டான்.

ஸ்ருதி டார்ச் லைட்டோடு பின்பக்கத்திலிருந்து வந்தாள்.

"அம்மா, குரோட்டன்ஸ் தொட்டி ரெண்டு இருந்துதே. ஒன்னு எங்க?"

"சம்பந்தி மடியில. அழகா இருக்குதுன்னு கௌசல்யா சொன்னாளே, வெறும் கையோட அனுப்ப முடியுமா? இலை கசங்கக்கூடாதுன்னு அவரே மடியில வெச்சுக்கினாரு."

"எந்தத் தொட்டி?"

"பெருசு."

ஸ்ருதி அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். டார்ச்சை அணைத்தாள்.

"அதுலதாம்மா கூடு."

அபினவ் போனை எடுத்தான். கௌசல்யா வண்டி ஓட்டும்போது போனை எடுக்கமாட்டாள். அது அவள் அப்பா போட்ட விதி.

ஜீவந்தரன் கழுத்தை அசைக்கவில்லை.

வந்தவாசி ரோட்டில் அந்நேரம் ஒரு கார், எதிரே வருகிற ஒவ்வொரு பூச்சிக்கும் வழிவிட்டு, நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. பெண் எடுக்கப் போகிற வீடு, ஒன்றையும் கொல்லாமல், முதல் தவணையாக நூறு ராணிகளைப் பெண் வீட்டுக்கே அனுப்பி வைத்திருந்தது.